பொட்டுக்கு முந்தி வந்த புள்ளி

ஆவணி 4, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். மலை தெரியவில்லை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற எஸ்டேட் ஜீப்பை இன்று விட்டுவிட்டேன். டி.வி. வாங்கும் நாள்.

வெள்ளிக்கிழமை மகள் கவிதா வீட்டுப் பால்காய்ச்சு. தேவாரத்தில் மாப்பிள்ளை புதிதாகக் கட்டிய வீடு. கல்யாணத்தில் செய்ய முடியாததை இதில் செய்துவிட வேண்டும். போடிமெட்டு வளைவில் கவிதா அப்பா ஜீப்போடு கவிழ்ந்து போன பிறகு, அவளுக்குத் தாய்வீடு என்றால் நான் ஒருத்திதான்.

எடுத்து வைத்தது: குத்துவிளக்கு. பித்தளைக் குடம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை. கவிதா மாமியாருக்கு, அதாவது மதினிக்கு, பச்சைச் சேலை. (அவருக்குப் பச்சை பிடிக்காது என்று பில் போட்ட பிறகு ஞாபகம் வந்தது. போகட்டும், கட்டினால் மிளகாய்ச் செடி மாதிரி லட்சணமாக இருப்பார்.) மறக்கக் கூடாதது வெற்றிலை.

சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தோடு கடைக்குப் போனோம், நானும் கவிதாவும். சுவர் பூராவும் டி.வி. எல்லாவற்றிலும் ஒரே கிளி. விற்கிற தம்பி நல்ல பிள்ளை.

"அக்கா, பெட்டியப் பிரிச்சு ஓட்டிக் காட்டிர்றேன். புள்ளி, கோடு ஏதும் இருந்தா இங்கனயே மாத்திக்கலாம்."

"பிரிச்ச பெட்டியவா சீர்னு தூக்கிட்டுப் போறது? யாரு வீட்டுல பாத்துச் சலிச்சதுன்னு கேப்பாக. தாலி செய்றவன் தன் பொண்டாட்டி கழுத்துல கட்டிப் பாத்துட்டா தம்பி குடுக்கான்?"

கடையே சிரித்தது. கவிதா மட்டும் என் கையைக் கிள்ளினாள்.

"அப்பச் சரிக்கா. கம்பெனி ஆளு வீட்டுக்கு வந்து பிரிச்சு மாட்டுவாரு. அதுவரைக்கும் நீங்க பிரிக்காதீங்க."

சரி என்றேன். சரி சொல்லக் காசா பணமா.

ஆவணி 7, சனி

உடம்பு வலி. வெந்நீர் வைத்துக் குளித்தேன். நேற்றைக்கு உள்ளதை இப்போது எழுதுகிறேன்.

நல்ல பால்காய்ச்சு. பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. சீரைத் தெருமுனையில் இறக்கி, மேளத்தோடு கொண்டுபோனோம். டி.வி. பெட்டியை இரண்டு பேர் பிடித்து வந்தார்கள். சனம் வாசலில் நின்று பார்த்தது. அந்த ஒரு தெரு தூரமும் எனக்குக் கால் தரையில் இல்லை.

கம்பெனி ஆள் மதியத்துக்கு மேல் வருவதாகப் போனில் சொன்னான். நல்ல நேரம் ஒன்பது மணியோடு முடிகிறது. மாப்பிள்ளை யோசித்தார். "கம்பெனிக்காரனுக்காக நல்ல நேரம் காத்துக்கிட்டு நிக்குமா மாப்ள?" என்று நானே பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தேன். மேசையில் நிறுத்தி, வயரைச் சொருகி, எரியவிட்டார்கள். திரை பூராவும் ஊதா நிறம்.

மதினி பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "என்ன மதினி, மேல மொளகா வெதையாட்டம் என்னமோ தெறிச்சுக் கெடக்கு?"

"மதினி, அது ஒங்க மூக்கு மேல இருக்க கண்ணாடியில தெறிச்சது. காலையில இருந்து சட்டினியில தலைய விட்டுக்கிட்டு நின்னா?"

வீடே சிரித்தது. மதினி கண்ணாடியைக் கழற்றினார். முந்தியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் திரையைப் பார்க்கவில்லை. சனம் சிரித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பொட்டு. கவிதா பூசை அறையிலிருந்து சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"நீ வையிம்மா."

"நானாடி? ஒங்க மாமியாரக் கூப்பிடு."

"நீ வாங்குனது. நீதேன் வைக்கணும்."

கவிதா அப்பா போனதிலிருந்து எந்த நல்லதுக்கும் நான் கை நீட்டியதில்லை. பின்னால் நின்று கேலி பேசுவேன். கேலி பேசுகிறவளை ஏன் பின்னால் நிற்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. நேற்று இவள் கேட்டுவிட்டாள், அத்தனை பேர் முன்னால். சந்தனம் தண்ணியாக இருந்தது. திரையின் மேல் விளிம்பில், நடுவில் வைத்தேன். ஒரு சொட்டு கீழே வழிந்தது. விரலால் வழித்து, மேலே குங்குமம் வைத்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மா, தன் பக்கத்தில் நின்ற பெண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் பார்த்ததைப் பார்த்ததும் மேளக்காரரைப் பார்த்தார்.

சாப்பாடு முடிந்தும் கம்பெனி ஆள் வரவில்லை. எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தபோது, இருட்டான காட்சி வந்தது. பொட்டுக்குக் கொஞ்சம் கீழே வெள்ளை வெள்ளையாக ஐந்தாறு புள்ளி. ஒன்று பச்சை. படம் மாறியது, ஆள் மாறினார்கள், புள்ளி மாறவில்லை.

"தூசியாருக்கும்" என்றேன். யாரும் துடைக்கப் போகவில்லை.

ஆவணி 9, திங்கள்

மழை. காய் எடுப்பு முழு நாள். ஏலச் செடியின் அடியில் குனிந்து குனிந்து இடுப்பு தனியாகக் கழன்றுவிட்டது.

ஜீப்பிலிருந்து இறங்கி, சேறும் சகதியுமாக அப்படியே டி.வி. கடைக்குப் போனேன். விற்கிற தம்பி என்னைக் கண்டதும் மாடிக்குப் போய்விட்டான். மேனேஜர் பேசினார். வெள்ளைச் சட்டை, சொட்டு அழுக்கில்லை.

"பில்லுக்குக் கீழ படிங்கம்மா. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

"அம்புட்டுப் பொடி எழுத்துல போட்டா எப்படிப் படிக்க? அதுவும் புள்ளி புள்ளியாத்தேன் தெரியுது."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு மூணு புள்ளி இருந்தா கம்பெனிக் கணக்குல அது குறையே கெடையாது."

"ஒங்களுக்குப் பாத்த பொண்ணுக்கு முன்னாடி ரெண்டு மூணு பல்லு இல்லாட்டி, அதும் கணக்குல இல்லியா சார்?"

"கம்பெனிக்குப் போன் போடுங்கம்மா. ஆளு வந்து பாக்கும்."

போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. வியாழக்கிழமை வருவார்களாம்.

செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

ஆவணி 12, வியாழன்

மேலே பனி மூட்டம். பக்கத்துச் செடியில் இருப்பவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும். சூப்பர்வைசர் மலையாளத்து ஆள், "வேகம் சேச்சி, வேகம்" என்று பனிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தான். "ஒன்னயக் காணும்டா, மொதல்ல நீ இருக்கியான்னு சொல்லு" என்றேன். வரிசை பூராவும் சிரிப்பு.

எஸ்டேட்டில் டவர் கிடையாது. சாயங்காலம் ஜீப் மேட்டுக்கு வந்ததும் எல்லார் போனும் ஒன்றாகக் கத்தும். என்னுடையதும் கத்தியது. கவிதா.

கம்பெனி ஆள் வந்து பார்த்தானாம். சந்தனக் கறையைப் போட்டோ எடுத்தானாம். சந்தனத் தண்ணீர் உள்ளே இறங்கித்தான் புள்ளி, இது வாங்கினவர்கள் செய்த சேதம், கம்பெனி பொறுப்பில்லை என்று எழுதி மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிப் போய்விட்டான். இங்கிலீசில் எழுதியது. வந்து பார்த்ததற்குக் கையெழுத்து என்று நினைத்து மாப்பிள்ளை போட்டுவிட்டார்.

"வேறென்னடி?"

"வேறொண்ணுமில்ல."

"கொரல் வேற மாதிரி இருக்கு."

அப்புறம் சொன்னாள். பெரியம்மா வந்திருந்தார்களாம். "கூடாத கை பட்டா வெளங்குமா? நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார்களாம். தெருவில் இரண்டு வீட்டிலும் சொல்லியாயிற்று. இவள் வயிற்றில் இன்னும் பிள்ளை தங்காததையும் அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டாராம்.

"ஒங்க மாமியார் என்ன சொன்னாக?"

"ஒண்ணுஞ் சொல்லல."

அவரால் சொல்ல முடியும். பொட்டுக்கு முந்தியே பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

பக்கத்தில் இருந்த செல்லத்தாய் கேட்டாள்: "என்னடி பாண்டியம்மா, இன்னைக்கு வாய்க்குப் பூட்டா?"

"நாக்குல அட்டை கடிச்சிருச்சு."

பதினேழு வளைவும் இறங்கினோம். கவிதா அப்பா போன வளைவில் தினமும் கும்பிடுவேன். இன்று கும்பிடக் கை வரவில்லை. கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். காய்க்கறை.

ஆவணி 13, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

வீட்டுக்காரம்மா ஆயிசாக்காவிடம் சொன்னேன். கீழே மளிகைக்கடை, மேலே வீடு, பின்னால் என் குடித்தனம். முன்பு பிரிட்ஜ் விசயத்தில் ஒரு கம்பெனியோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர். பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார். நிறுப்பதை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"பில்லுல அச்சடிச்சுட்டாச் சட்டமாயிருமா? குறையுள்ள சாமானக் குடுத்தா மாத்தணும், இல்ல காசத் திருப்பணும். கடைக்காரனும் பொறுப்பு, கம்பெனிக்காரனும் பொறுப்பு."

"மாப்ள கையெழுத்துப் போட்டுட்டாரே அக்கா."

"போடட்டும். தெரியாத பாசையில எழுதி வாங்குனான்னு நாம எழுதுவோம். அந்தத் தாளுல ஒரு நகல் கேட்டு வாங்கு. டி.வி.யத் தொடைக்காதீக, யாரயும் கழட்ட விடாதீக. வெள்ளைத் திரையில ஒரு போட்டோ, கறுப்புத் திரையில ஒரு போட்டோ எடுக்கச் சொல்லு. எல்லாத்தயும் எழுத்துல கேப்போம், பதிவுத் தபால்ல. மசியலைன்னா தேனியில நுகர்வோர் கோர்ட்டு. வக்கீல் கூட வேணாம், நீயே நிக்கலாம்."

"பெட்டிய நானே பிரிச்சுட்டேன்."

"அதச் சொல்லத்தேன் செய்வான். பிரிச்சதுனால புள்ளி வருமா? அவன் பிடி அதுல இல்ல பாண்டியம்மா, சந்தனத்துல இருக்கு. பொட்டு வைக்கிறதுக்கு முந்தியே புள்ளி இருந்துச்சுன்னு யாராச்சும் பாத்தாகளா?"

"பாத்தாக."

"அப்புறமென்ன? யாரு?"

சொன்னேன். கண்ணாடிக் கதையையும் சொன்னேன். ஆயிசாக்கா சிரிப்பார் என்று நினைத்தேன். "யா அல்லா" என்று மறுபடி பருப்பை நிறுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆவணி 15, ஞாயிறு

தேவாரம். பஸ்சில் பூராவும் யானைப் பேச்சு. மலையடித் தோப்பில் இறங்கி வாழையைச் சாய்த்துவிட்டதாம். "மனுசனாட்டம் திங்கல, பாதியில போட்டுட்டுப் போயிருச்சு" என்றார் ஒருவர்.

கவிதா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். டி.வி. மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டாள்.

"பால்காய்ச்சுக்கு யாரோ வீடியோ எடுத்தாகள்ல, அதுல தெரியுதா?"

"சேலையும் மூஞ்சியுந்தேன் தெரியுது. டி.வி. வெறும் வெளிச்சமாத் தெரியுது."

"ஒங்க மாமியார்கிட்ட நீ கேட்டியா?"

"நான் எப்படிம்மா கேக்க? நீ விளையாட்டாப் பேசிட்டுப் பஸ் ஏறிப் போயிர்ற. நான் இங்கிட்டுதேன் இருக்கணும்."

இப்படி அவள் என்னிடம் பேசியதே இல்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மதினி கொல்லையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கைப்பிடி எடுத்தேன். காம்பு கிள்ளும் சத்தம் மட்டும்.

"மதினி, அன்னைக்குப் பொட்டுக்கு முந்தி நீங்க புள்ளியப் பாத்தீகல்ல?"

"நான் என்னத்தக் கண்டேன். கண்ணு தெரியாதவ. ஊரே சிரிச்சுச்சே."

வாய்க்குள் ஒரு கேலி வந்துவிட்டது. நல்ல கேலி. அவரும் சிரித்திருப்பார், இந்தப் பேச்சும் அதோடு போயிருக்கும். விழுங்கினேன்.

"தப்புப் பண்ணிட்டேன் மதினி. ஒங்க வீட்டுல, ஒங்க சனத்த ஒங்களப் பாத்துச் சிரிக்க வச்சுட்டேன். நீங்க சொன்னது நெசம். நான் திரும்பிக்கூடப் பாக்கல."

அவர் ஆய்வதை நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்தது. கவிதா அப்பா செத்ததற்குப் பிறகு அடுத்தவர் முன்னால் நான் அழுதது இதுதான்.

அடுத்த காயை எடுத்துக்கொண்டே சொன்னார். "பாத்தேன். கண்ணாடியத் தொடச்சுட்டு மறுக்காவும் பாத்தேன். இருந்துச்சு. பச்சைப் புள்ளி உட்பட. அந்தப் பெரிய மனுசி அப்படிப் பேசறப்ப வாயத் தெறந்திருக்கணும். நம்மளக் கேலி பண்ணுனவதானே, படட்டும்னு இருந்துட்டேன். படுறது நீங்க இல்ல, என் வீட்டுப் புள்ளன்னு ரெண்டு நாளாத்தேன் மண்டையில ஏறுது. ராத்திரி சாப்பிட மாட்டேங்குது அது."

"எழுதிக் குடுப்பீகளா?"

"கையெழுத்துப் போட நல்லாவே தெரியும். எட்டாப்பு நான்."

நான் அஞ்சாப்பு. அதைச் சொல்லவில்லை.

ஆவணி 17, செவ்வாய்

காலையில் வேலை இல்லை, மேலே காற்று. ஆயிசாக்கா எழுத, நான் சொல்ல. கடைக்கு ஒரு கடிதம், கம்பெனிக்கு ஒன்று. மாப்பிள்ளை அனுப்பிய போட்டோ, பில் நகல், கம்பெனி ஆள் எழுதிய தாள் நகல், மதினி எழுதித் தந்தது. கடையில் பிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதையும், வீட்டில் நானே பிரித்ததையும் ஆயிசாக்கா மறைக்காமல் எழுதினார். "நம்ம பக்கத்துக் கோணல நாமளே சொல்லிரணும். அவன் சொன்னா அது வேற மாதிரி இருக்கும்."

தபால் ஆபீசில் கூட்டம். என் பெயருக்கு ரசீது.

செருப்பு தைத்து வந்தது. கோணலாகத் தைத்திருக்கிறான்.

ஆவணி 22, ஞாயிறு

பதில் இல்லை. வீடு மெழுகினேன். ரேசனில் பருப்பு இல்லை.

மதினி போன் செய்தார். அவராகச் செய்வது இதுதான் முதல் தடவை. "பதில் வந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். இரண்டு தடவை அந்தப் போனை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

கவிதா கறி எடுத்துச் சமைத்தாளாம்.

ஆவணி 27, வெள்ளி

கடையிலிருந்து நேற்றுக் கூப்பிட்டார்கள், நேரில் வரச் சொல்லி. மதினி தேவாரத்திலிருந்து பஸ்சில் வந்தார். நான் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தார். மிளகாய்ச் செடி வாய்வரை வந்து திரும்பிப் போனது.

மேனேஜரும் கம்பெனியிலிருந்து ஒரு பெரியவரும். குளுகுளு அறை, டீ, பிஸ்கட். மேசைக்குப் பக்கத்திலேயே புது டி.வி., பெட்டியோடு.

"ஒங்க நெலமையப் பாத்தும்மா, கம்பெனி புதுசு தருது. இன்னைக்கே வண்டியில ஏத்திரலாம். இதுல ஒரு கையெழுத்து."

பேனாவை வாங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால், கை அந்தப் பெட்டியின் மேல் இருந்தது. மதினிதான், "படிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

மேனேஜர் வேகமாகப் படித்தார். சந்தனம் பட்டதால் திரை பழுதானது. குற்றம் வாங்கியவருடையது. ஆனாலும் கடையின் நல்லெண்ணத்தால் மாற்றித் தரப்படுகிறது.

"அந்தச் சந்தனத்த எடுத்துருங்க சார்" என்றேன்.

"அது சும்மா ஒரு வரிம்மா. யாரு படிக்கப் போறா?"

"யாரும் படிக்க மாட்டாகன்னா எதுக்கு எழுதுறீக?"

"ஒங்களுக்கு டி.வி.தான வேணும்?"

ஆமாம், டி.வி. வேண்டும். அதற்குத்தான் சீட்டு எடுத்தேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், பெரியம்மா வாயால் சொன்னதை நான் எழுதிக் கொடுத்த மாதிரி. என் கை பட்டுத்தான் கெட்டது என்று என் கையாலேயே. கவிதா அந்த டி.வி.யை எப்படிப் பார்ப்பாள்?

பேனாவை மேசையில் வைத்தேன். "டி.வி. வேணாம்னு சொல்லல சார். அந்த வரி வேணாம்."

கம்பெனிப் பெரியவர் மதினியைப் பார்த்தார். "நீங்கதான் சாட்சியா? மருமகளோட அம்மாவுக்காகப் பேச வந்திருக்கீங்க."

"இந்தம்மாவுக்காகவா? அத்தன சனத்துக்கு முன்னால என்னயக் கேலி பண்ணுனவுக தம்பி இவுக. இவுகளுக்காகப் பொய் சொல்ல எனக்கு என்ன வேண்டுதல்? டி.வி. எரிஞ்ச ஒடனே புள்ளியப் பாத்தேன். அப்பச் சந்தனக் கிண்ணம் பூசை ரூமுல இருந்துச்சு."

யாரும் டீ குடிக்கவில்லை. விற்கிற தம்பி கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை அவன் சொல்லலாம், பிரித்துக் காட்டுகிறேன் என்று சொன்னபோது புள்ளி இருந்தால் மாற்றலாம் என்றவன் அவன்தானே. தலையைக் குனிந்துகொண்டான். பிழைக்க வேண்டும் அவனும்.

"அப்பக் கோர்ட்டுலயே பாத்துக்கங்க" என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். கிடைத்ததை விட்டுவிட்டேனோ. மதினி இரண்டு பன் வாங்கி, ஒன்றை என் கையில் வைத்தார்.

புரட்டாசி 1, புதன்

மேலே நல்ல காய். கூடை நிறைந்தது. செல்லத்தாய் முழுக் கதையும் கேட்டுவிட்டு, "வந்த டி.வி.ய விட்டுட்டு வந்த கிறுக்கச்சி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நானா இருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றாள். அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, தன் தங்கச்சி மகள் கல்யாணத்தில் தன்னைப் பந்தலுக்குப் பின்னால் உட்கார வைத்ததைச் சொன்னாள். அவளும் என்னை மாதிரிப் புருசனை இழந்தவள்தான். இத்தனை வருசம் ஒரே ஜீப்பில் போகிறோம், இதைப் பேசியதில்லை.

ஆயிசாக்கா மருமகன் கம்ப்யூட்டரில் கோர்ட்டு மனுவை ஏற்றினார். திங்கள்கிழமை அசல் தாள்களோடு தேனி.

புரட்டாசி 6, திங்கள்

வெயில். பெருமாளுக்கு விரதம், வெறும் காப்பியோடு கிளம்பினேன். மதினி தேவாரத்திலிருந்து நேராகத் தேனிக்கு வந்துவிட்டார்.

தேனி கோர்ட்டு ஆபீஸ் நான் நினைத்த மாதிரி இல்லை. கூண்டும் இல்லை, சுத்தியலும் இல்லை. மின்விசிறி, பெஞ்சு, தாள் கட்டு. எங்களைப் போலவே பையை மடியில் வைத்துக்கொண்டு சனம். ஒருத்தருக்கு மிக்சி, ஒருத்தருக்கு இன்சூரன்ஸ். ஒரு பெரியவர் மெத்தைக்காக வந்திருந்தார். "அந்த மெத்தையில படுத்துத்தேன் முதுகு போச்சு, இப்ப இந்தப் பெஞ்சுல மிச்சமும் போகுது" என்றார். எனக்குப் பிடித்துவிட்டது அவரை.

குமாஸ்தா அம்மா தாள்களைப் புரட்டினார். "மனுதாரர் பாண்டியம்மாள். பில் உங்க பேருல. பொருள் யாரு வீட்டுல இருக்கு?"

"இவுக வீட்டுல" என்று மதினியைக் காட்டினேன்.

"சாட்சியா வந்திருக்காங்களா?"

மதினி முன்னால் வந்தார். "வாங்குனவுக மட்டுமில்ல, அதப் பொழங்குறவுகளும் கேக்கலாம்னு வெளிய பெஞ்சுல ஒரு அம்மா சொன்னாக. நெசமா?"

"ஆமா, வாங்குனவங்க சம்மதத்தோட உபயோகிக்கிறவங்களும் நுகர்வோர்தான்."

"அப்ப என் பேரயும் போடுங்க. சாட்சின்னு ஓரத்துல வேணாம். இவுகளோட சேத்துப் போடுங்க."

அதற்கு மனுவைத் திருத்த வேண்டும் என்றார் குமாஸ்தா அம்மா. திருத்தினோம். எனக்குக் கீழே அவர் பெயர். அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கவிதா போன்.

"என்னம்மா ஆச்சு?"

"தேதி குடுத்திருக்காக."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவுக பெரியம்மா வந்து ஒக்காந்திருக்காக. கோர்ட்டுல தோத்துட்டா ஊருக்குள்ள தலை காட்ட முடியுமான்னு கேக்குறாக."

நான் என்ன சொல்வது என்று யோசிக்கிறதற்குள் மதினி போனை வாங்கிவிட்டார்.

"கவிதா, அதச் சத்தமாக் கேக்குற மாதிரி போடு. போட்டியா? அக்கா, நாந்தேன் பேசுறேன். கோர்ட்டு என்ன வேணும்னாலும் சொல்லட்டும். எம் மருமக அம்மா பொட்டு வைக்கிறதுக்கு முந்தி புள்ளி இருந்துச்சு. நான் பாத்தேன். கேக்குதா?"

நிறுத்தத் தெரியாமல் போனை என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம். கவிதா மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

தேவாரம் பஸ் வந்துவிட்டது. மதினிக்குச் சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.